ஐந்து நிமிடத் தியானம்: 84 நாள் குறிப்பேடு

ஒரு பக்கத்தைக்கூடக் கவனம் சிதறாமல் படித்து முடிக்க முடியவில்லை என்ற நிலை வந்தபோது, தியானத்தைப் பற்றி மூன்றாம் முறையாக யோசித்தேன். முந்தைய இரண்டு முயற்சிகளும் நிலைக்கவில்லை. முதல் முறை ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்று தொடங்கினேன். ஒன்பதாம் நாளோடு அது நின்றுபோனது. இரண்டாம் முறை நேரம் எதையும் வரையறுக்காமல், வசதிப்பட்டபோது அமரலாம் என்று வைத்துக்கொண்டேன். எந்த நாளும் வசதிப்படவில்லை. ஆகவே இம்முறை மன உறுதியை நம்பி இறங்காமல், பழுதான ஒரு பொருளைச் சரிசெய்வதைப் போல இதை அணுகினேன். அளவு சிறியதாக இருக்க வேண்டும். இடமும் வேளையும் இருக்கையும் மாறக் கூடாது. எது எங்கே தடைப்படுகிறது என்பதை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கால அளவை 84 நாட்கள் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பழக்கம் படிய 21 நாட்கள் போதும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010இல் அச்சில் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அதில் பங்கேற்றவர்கள் தாமே தேர்ந்தெடுத்த ஒரு சிறு செயலை 12 வாரங்கள், தினமும் ஒரே சூழலில் செய்துவந்தார்கள். அந்தச் செயல் யோசனையில்லாமல் தானாக நடக்கும் நிலையை எட்ட ஆன காலத்தின் இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் அதற்குள்ளும் மீதிப் பேர் அதற்குப் பிறகும் எட்டிய அளவு, 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது; 12 வாரங்களைத் தாண்டிய அளவுகள், பதிவான போக்கைக் கொண்டு கணித்தவை. முதல் முயற்சியில் ஒன்பதாம் நாளே சலித்துக்கொண்ட நான், முளைப்பதற்கு முன்பே மண்ணைக் கிளறிப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இடையில் ஒரு நாள் தவறவிடுவதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. பின்னாட்களில் என்னைத் தாங்கிப்பிடித்தது இந்த ஒரு செய்திதான்.

அடுத்த கேள்வி, எப்போது அமர்வது என்பது. மணிக்கணக்கை வைத்தால் எழும் நேரம் மாறும் நாட்களில் கணக்கு குலைந்துவிடுகிறது. எனவே, நாள் தவறாமல் எப்படியும் நடக்கும் ஒரு செயலின் வாலில் இதைக் கட்டினேன். காலையில் பல் துலக்கி முடித்தவுடன், வேறு எதையும் தொடாமல் நேராக இருக்கைக்குப் போய்விட வேண்டும். "இது நடந்தவுடன் அதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் முடிவெடுத்துக்கொள்வதன் பயனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். செய்ய வேண்டும் என்ற பொதுவான எண்ணத்தைவிட, சூழலையும் செயலையும் முடிச்சுப் போட்டுவைக்கும் எண்ணம் அதிக அளவில் நிறைவேறுகிறது என்பது அதன் சாரம். "பல் துலக்கியவுடன், ஜன்னலோர இருக்கையில், 5 நிமிடம்" என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

இருக்கையும் கடிகாரமும்

தரையில் சம்மணமிட்டு அமர்ந்த முதல் மூன்று நாட்களும் மூன்றாவது நிமிடத்தில் இடது கால் மரத்துப்போனது. இரத்த ஓட்டம் தடைப்படுவதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆனால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பு அழுத்தப்படுவதே இந்த மரத்துப்போதலுக்கு முக்கியக் காரணம். மடித்த போர்வை ஒன்றை இருக்கைப் பகுதிக்குக் கீழே மட்டும் வைத்து இடுப்பை முழங்கால்களைவிட உயர்த்தியவுடன் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நிகழ்ந்தன. காலின் மேல் விழுந்த பளு குறைந்தது. இடுப்பு இயல்பாக முன்சாய்ந்ததால், முயற்சி எதுவும் இல்லாமல் முதுகு நிமிர்ந்தது. அதுவரை முதுகை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே என் கவனத்தில் பாதி செலவாகிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் தரையில் அமர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நாற்காலியில் சாயாமல் சற்று முன்னால் வந்து, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும்படி அமர்ந்தால் போதும். நானும் முட்டி வலித்த ஒரு வாரம் முழுவதும் அப்படித்தான் அமர்ந்தேன். பயிற்சியில் எந்த வேறுபாட்டையும் நான் உணரவில்லை.

கடிகாரம் கொடுத்த தொல்லை இதைவிடப் பெரியது. கைப்பேசியில் 5 நிமிட அலாரம் வைப்பது எளிதாகத் தோன்றியது. ஆனால் அலாரம் வைக்கத் திரையைத் திறக்கும்போதே இரவில் வந்த செய்திகள் கண்ணில் படும். அவற்றைத் திறக்காமல் அமர்ந்தாலும், யார் எழுதியிருப்பார்கள், என்ன எழுதியிருப்பார்கள் என்ற யோசனை 5 நிமிடத்தையும் தின்றுவிடும். முதல் வாரக் குறிப்புகளில் நான்கு நாட்களுக்கு எதிரே "செய்தி" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எட்டாம் நாளிலிருந்து கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, நேரத்தைத் திருகி வைக்கும் சிறிய மணிக்கருவி ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கினேன். 84 நாட்களில் நான் செய்த மாற்றங்களில் மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தந்தது எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

மூச்சைக் கவனிப்பதில் வந்த சிக்கல்

பயிற்சி முறை மிக எளியது. கண்களை மூடி, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் உணர வேண்டும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண் வீதம் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கவனம் நழுவியதை அறிந்தால், தன்னைக் கடிந்துகொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும்.

சொல்வதற்கு எளிதான இந்த முறையில், யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத சிக்கல் ஒன்று இரண்டாம் நாளே வந்தது. கவனிக்கத் தொடங்கியதும் மூச்சு தன் இயல்பை இழந்துவிட்டது. நான் கவனிக்கிறேனா, மூச்சை இழுத்து விடுகிறேனா என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை. ஆழமாக இழுத்து இழுத்து விட்டதில் தலை லேசாகச் சுற்றியது. தேவைக்கு மேல் மூச்சுவிடும்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலைச்சுற்றலுக்கு அதுவே காரணம். தியானத்தின் முன்னேற்றத்துக்கு அடையாளம் என்று அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைச் சரிசெய்ய எனக்கு ஏறத்தாழ பத்து நாட்கள் ஆயின. மூக்கு நுனியில் படும் குளிர்ச்சியையும் வெதுவெதுப்பையும் கவனிப்பதை விட்டுவிட்டு, கவனத்தை அடிவயிற்றின் ஏற்ற இறக்கத்துக்கு மாற்றிப் பார்த்தேன்; ஓரளவு பயன் கிடைத்தது. முழுத் தீர்வு, வெளிமூச்சின் முடிவில் இருந்தது. மூச்சு வெளியேறி முடிந்தபின் மிகச் சிறிய ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடத்தில் நான் எதுவும் செய்யாமல், அடுத்த உள்மூச்சு தானாக எழும்வரை காத்திருக்கப் பழகினேன். இழுப்பது என் வேலை இல்லை, வரவேற்பதே என் வேலை என்று ஆனதும் மூச்சு தன் போக்குக்குத் திரும்பியது. உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்று விரைவடைந்து, வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலால் மட்டுப்படுவது எல்லா உடல்களிலும் உள்ள இயல்பு. வெளிமூச்சை எண்ணுவதும், அதன் முடிவில் தங்குவதும் உடலுக்கு இதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில நாட்கள் பழகியபின் எண்கள் தாமாகவே ஓடத் தொடங்குகின்றன. மனம் வேறெங்கோ போய்விட்டாலும் உள்ளே எண்ணிக்கை நடந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை 27 என்று எண்ணிய பிறகுதான், பத்தில் நிறுத்த மறந்ததையே கவனித்தேன். அதன்பின் பத்தைத் தாண்டுவதை என் எச்சரிக்கை மணியாக வைத்துக்கொண்டேன். எண்ணிக்கை இயந்திரமாகிவிட்ட நாட்களில் பத்திலிருந்து ஒன்றுக்குக் கீழிறங்கி எண்ணுவேன். பழகாத திசை என்பதால் கவனம் கூடவே இருக்க வேண்டியிருக்கிறது. அமர்ந்திருக்கும்போது என் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 என்ற அளவில் ஓடுகிறது. ஆகவே பத்து எண்ணிக்கை ஆறு சுற்று வந்தால் 5 நிமிடம் முடிந்திருக்கும். இந்தக் கணக்கு தெரிந்தபின் மணிக்கருவி இல்லாத இடங்களிலும் அமர முடிந்தது.

கூழாங்கற்கள்

இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டிய பகுதி இதுதான். தொடக்க வாரங்களில் குறிப்பேட்டில் "அமைதி" என்று ஒரு பத்தி வரைந்து, அதில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டுவந்தேன். பெரும்பாலான நாட்களில் இரண்டுதான் கிடைத்தது. இரண்டு கிடைத்த நாளின் மறுநாள் அமர மனம் வரவில்லை. தேர்ச்சி பெறாத பாடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைப் போல இருந்தது. முந்தைய முயற்சிகள் நின்றுபோனதற்கும் இதுவே காரணம் என்று அப்போது தெரிந்தது. அமைதி என்பது நான் செய்யக்கூடிய செயல் அன்று. அன்றைய உறக்கம், உடல்நிலை, முந்தைய நாளின் வாக்குவாதம் ஆகிய எல்லாமும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்றை என் உழைப்பின் அளவுகோலாக வைத்திருந்தேன்.

என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று: மனம் போய்விட்டதை அறிந்து திரும்புவது. எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹேசன்காம்ப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தியானப் பயிற்சி உள்ள 14 பேர் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் மூச்சைக் கவனித்தபடி படுத்திருந்து, மனம் அலைந்ததை அறிந்த கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். அலைதல், அறிதல், திருப்புதல், நிலைத்திருத்தல் என்ற நான்கு கட்டங்கள் மாறி மாறி வருவதாகவும், ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஈடுபடுவதாகவும் அவர்கள் விளக்கினார்கள். இதைப் படித்தபோது, மனம் அலைவது பயிற்சிக்கு நேர்ந்த இடையூறு என்ற என் எண்ணம் விலகியது. அலைதல் இல்லாவிட்டால் அறிதலும் இல்லை. அறிந்து திரும்பும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் மற்ற நிமிடங்கள் எல்லாம்.

என்னிடம் பொத்தான் இல்லை, கூழாங்கற்களைப் பயன்படுத்தினேன். வலப்பக்கத் தட்டில் 30 சிறு கற்களை வைத்துக்கொண்டு, மனம் போனதை அறியும் ஒவ்வொரு முறையும் ஒரு கல்லை இடப்பக்கத் தட்டுக்கு மாற்றினேன். மணி அடித்ததும் இடப்பக்கத்தை எண்ணி எழுதுவேன். மூன்றாம் வாரத்தின் தொடக்கத்தில் ஆறு, ஏழு என்று இருந்த எண்ணிக்கை, நான்காம் வாரத்தின் முடிவில் 18 வரை ஏறியது. முதலில் கலங்கினேன், மனம் முன்பைவிட மும்மடங்கு அலைகிறது என்றுதான் பொருள்கொண்டேன். பிறகு ஒவ்வோர் அலைச்சலின் நீளத்தையும் நினைவுகூர்ந்து பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. தொடக்கத்தில் ஒரு நினைப்பு என்னை முழு நிமிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தது; இப்போதோ, நினைப்பின் முதல் வாக்கியம் முடிவதற்குள் அறிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கற்களின் எண்ணிக்கை கூடியது, விழிப்பு விரைவானதால். "அமைதி" என்ற பத்தியை அன்றே அடித்துவிட்டு, அந்த இடத்தில் "திரும்பியது" என்று எழுதினேன். மதிப்பெண் போடுவது நின்றவுடன், மறுநாள் அமரத் தயங்கும் உணர்வும் நின்றது.

கற்களை நான்காம் வாரத்தோடு விட்டுவிட்டேன். மனம் எப்போது போகும் என்று கை காத்திருக்கத் தொடங்கி, அந்தக் காத்திருப்பே ஒரு சிதறலாகிவிட்டது. அவை தம் வேலையைச் செய்து முடித்துவிட்டன.

ஐந்தாம் வாரத்தில் நான் செய்த தவறையும் எழுத வேண்டும். நன்றாக நடக்கிறது என்ற உற்சாகத்தில் 5 நிமிடத்தை 15 ஆக்கினேன். முதல் இரண்டு நாட்கள் நிறைவாகவே இருந்தன. மூன்றாம் நாள் அவசரம். 15 நிமிடம் இல்லை என்பதால் அமரவே இல்லை. மறுநாளும் அப்படியே. 5 நிமிடம் இருந்தது, ஆனால் அதற்குள் 5 நிமிடம் "குறைவானது" ஆகிவிட்டிருந்தது. உடனே பழைய அளவுக்குத் திரும்பியதோடு, அதற்கும் கீழே ஒரு படியை அமைத்தேன். எந்த நாளாக இருந்தாலும் பத்து மூச்சு. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும், விடியுமுன் புறப்பட்ட ஒரு பயணத்தில் பேருந்து இருக்கையிலும் இந்தப் பத்து மூச்சுதான் பழக்கத்தின் இழை அறாமல் காத்தது. கூடுதலாக அமரத் தோன்றினால் அமரலாம். ஆனால் அதைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. எழுதினால் அது மறுநாளைக்குக் கடனாகிவிடுகிறது.

தூக்கச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவில் அமர்ந்து பார்த்த நான்கு நாட்களும் உறங்கிப்போனேன். காலையிலும் தூக்கம் வரும் நாட்களில் கண்களைப் பாதி திறந்து, ஓர் எட்டுத் தொலைவில் தரையில் பார்வையைத் தளர்வாக வைத்துக்கொண்டால் போதுமானதாக இருக்கிறது.

ஏழாம் வாரத்தில் ஒரு நாள் கண்ணை மூடியதும் நெஞ்சு படபடத்தது. மூச்சைக் கவனிக்கக் கவனிக்கப் படபடப்பு கூடியது. வீட்டில் துயரமான செய்தி ஒன்று வந்திருந்த நேரம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடராமல் கண்ணைத் திறந்துகொண்டேன். பாதங்கள் தரையைத் தொடும் உணர்வையும் வெளியே கேட்ட ஒலிகளையும் கவனித்தபடி மீதி நேரத்தை முடித்தேன். அடுத்த சில நாட்களும் மூச்சுக்குப் பதிலாக ஒலிகளையே எடுத்துக்கொண்டேன். மூச்சு எல்லோருக்கும் எல்லா நாளும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கடும் பதற்றமோ, ஆறாத பழைய அதிர்ச்சியோ உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உள்நோக்கி இருப்பது துன்பத்தைக் கூட்டக்கூடும். அப்படி நேர்ந்தால் நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ கலந்துகொள்வதே சரி.

பயன் என்ன என்ற கேள்விக்கு அளவோடு பதில் சொல்ல விரும்புகிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல், மொத்தம் 3515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானப் பயிற்சிகள் ஓரளவு குறைப்பதற்கு மிதமான சான்று கிடைத்தது. கவனம் கூடுவதற்குப் போதிய சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் இடம்பெறுவது, ஜான் கபட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிவைத்த 8 வாரத் தியானப் பயிற்சியைப் போன்ற நீண்ட பயிற்சிகள். என்னுடைய 5 நிமிடத்தை அவற்றோடு ஒப்பிடுவது முறையாகாது. ஆகவே என் கவனத்திறன் கூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நான் கண்டது இதுதான்: படிக்கும்போது மனம் வெளியேறிவிட்டதை முன்பு இரண்டு பக்கம் தாண்டி அறிந்தேன், இப்போது இரண்டு பத்திக்குள் அறிகிறேன். கை கைப்பேசியை நோக்கி நகரும்போது, அது திரையைத் தொடுவதற்கு முன்பே சில நேரங்களில் தெரிந்துவிடுகிறது. ஒருவர் கடுமையாகப் பேசும்போது, பதில் வாயில் எழுவதற்கும் வெளிவருவதற்கும் இடையில் ஒரு வெளிமூச்சுக்கு இடம் கிடைக்கிறது. எல்லா நேரமும் இல்லை. ஆனால் முன்பு அந்த இடமே இல்லாதிருந்தது.

84 நாட்களின் கணக்கு இப்படி முடிந்தது: 5 நிமிடம் அமர்ந்தவை 71 நாட்கள், பத்து மூச்சோடு முடிந்தவை 8 நாட்கள், தவறியவை 5 நாட்கள். தவறிய ஐந்தில் இரண்டு, அந்த 15 நிமிட உற்சாகத்தின் விளைவு. மீதி மூன்றும் விடுமுறை நாட்கள். அந்த நாட்களில் பல் துலக்குவது நடக்கிறது. ஆனால் வீட்டில் எல்லோரும் இருப்பதால், துலக்கிவிட்டு வெளியே வந்தவுடன் யாராவது பேச்சுக் கொடுக்க, இருக்கைக்குப் போகும் வழி மாறிவிடுகிறது. இதற்காக, முதல் நாள் இரவே மடித்த போர்வையை எடுத்து, குளியலறைக் கதவுக்கு எதிரே, தாண்டாமல் போக முடியாத இடத்தில் வைத்துவிடுகிறேன். "அஞ்சு நிமிஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் யாரும் தடுப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் இதுவரை நான்கு விடுமுறை நாட்கள் கடந்திருக்கின்றன, நான்கிலும் அமர்ந்திருக்கிறேன்.